அளவான காற்று

…இல்லை, இன்னும் திரும்பவில்லை, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் நடை பழக்குகிற பெண், விரல் நுனியில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப், நடந்து முடிக்கும்வரை எண் இறங்காமல் இருந்தால் வீட்டில் கட்டிலோரம் நிற்கிற சிலிண்டரை எடுத்துவிடலாமாம், அதற்குத்தான் அவள் பெஞ்சில் உட்கார மனமில்லாமல் நிற்கிறாள், ஏணியிலிருந்து விழுந்து மண்டை உடைந்து டாக்டர்களே கைவிரித்த புருஷனா இப்படி நடக்கிறார், முன்பெல்லாம் வெல்டிங் பட்டறைக்குள் அவர் நுழைந்தால் தரையே அதிருமே… சிலிண்டர் அவளுக்கு என்ன புதிதா, கல்யாணமாகி வந்த வாரமே கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, பாரு, இதுதான் நமக்குச் சோறு போடுற தீ என்று காட்டியவர்தானே, திருகைத் திறக்கத் திறக்க மஞ்சள் தீ நீலமாகிக் கூர்மையாகும், இன்னும் கொஞ்சம் திறந்தால் சீறும், "போதும் போதும், ஆக்சிஜன் கூடினா இரும்பு கருகிடும், அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு, உங்கம்மா உப்பு போடுற மாதிரி திறக்காதே!" மாமியாரை இழுக்காமல் ஒரு வாக்கியம் முடியாது அவருக்கு.

அதெல்லாம் தெரிந்தவள்தான் ஆஸ்பத்திரியில் அந்தக் கூத்தை அடித்தாள், நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, தொண்டைக் குழாயை எடுத்து மாஸ்க் வைத்த அன்று எண் நூறு காட்டியது, பரீட்சையில் நூறு வாங்கின பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தாள், நர்ஸ் வந்து சுவரில் இருந்த திருகைக் குறைத்துவிட்டுப் போக, எண் மெல்ல இறங்க, ஐயோ மூச்சைப் பிடுங்குகிறார்களே என்று இவளே எழுந்து திறந்துவிட்டாள், வெல்டர் பெண்டாட்டிக்குத் திருகு திறக்கச் சொல்லித்தர வேண்டுமா, நர்ஸ் ஓடிவந்து கையைத் தட்டிவிட்டாள், "என்னம்மா பண்றீங்க, அடிபட்ட மூளைக்குக் குறைஞ்சாலும் ஆபத்து, ரொம்பக் கூடினாலும் நல்லதில்ல, அளவாப் போனாத்தான் பின்னாடி நல்லா இருப்பார்," அந்த வாயிலும் அதே பேச்சு, இவள் சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அன்றிலிருந்து ஒரே வேண்டுதல், அந்த மனுஷனைத் திருப்பிக் கொடு, மூக்குக்கு மேல் கோபம் வந்தாலும் பரவாயில்லை, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனாலும் பரவாயில்லை, சாயங்காலம் சீட்டியடித்துக்கொண்டே கை கழுவுவாரே, அந்தச் சீட்டி ஒன்று போதும். கிடைத்ததோ அதே முகத்தில் வேறு ஒருத்தர், பழசெல்லாம் மறந்துபோன, சத்தமே போடாத, சொந்தப் பட்டறையை யாரோ வீட்டுக் கல்யாணம்போல் வேடிக்கை பார்க்கிற, கட்டின பெண்டாட்டியிடம் விருந்தாளியாட்டம் "நீங்க சாப்பிட்டீங்களா" என்று கேட்கிற ஒருத்தர்…

வந்துவிட்டார், தொண்ணூற்றைந்து, இறங்கவே இல்லை என்கிறாள் அந்தப் பெண், அறையிலிருந்து எட்டிப் பார்த்த டாக்டர், "சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துடலாம்மா, நினைவும் தேறிட்டு வருது, போகப் போகப் பழைய ஆளா ஆனாலும் ஆயிடுவார்" என்கிறார், இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை நாள் காத்துக் கிடந்தாள், காதில் தேன் பாய வேண்டும், பாயவில்லையே, ஏன், பழைய ஆள் என்றால் அந்தக் கத்தல், அந்தத் தட்டு… ச்சீ, என்ன நினைப்பு இது. மூச்சு வாங்க பெஞ்சில் உட்கார்ந்தவர் நகர்ந்து இடம் விடுகிறார், "நீங்களும் உக்காருங்க, ரொம்ப நேரமா நிக்கிறீங்க, கால் வலிக்கும்," அவளுக்கும் கால் வலிக்கும் என்று அந்த மனுஷனுக்கு என்றைக்காவது தெரிந்ததுண்டா, எத்தனை மத்தியானம் பட்டறை வாசலில் சாப்பாட்டுப் பையோடு நின்றிருப்பாள், உட்காருகிறாள், தோளோடு தோள் படுகிறது, அவர் நகரவில்லை, இவளும் நகரவில்லை, அந்த மனுஷனை நினைத்து அழாத நாள் உண்டா, வரட்டும், வரத்தான் வேண்டும், ஆனால் அவர் வந்துவிட்டால்… இவர் எங்கே போவார்?