உச்சிக்குக் கீழே ஒரு பல் மருத்துவர்

1

இந்தக் கதை ஒரு பாராட்டு விழாவில் எனக்குக் கிடைத்தது. இமயத்தின் உயரமான சிகரம் ஒன்றில் தேசிய மலையேற்றக் குழு கொடி நட்டதற்கான விழா. "இரண்டாவது அணியின் தியாகத்தை மறக்கவே முடியாது" என்றார் குழுத் தலைவர்.

"மறந்தா தேவலை" என்று பக்கத்து நாற்காலியில் ஒரு முணுமுணுப்பு. இரண்டாவது அணியின் பல் மருத்துவர் அவர். அந்த முணுமுணுப்புக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

நான் எழுதி அடித்த தொடக்கங்கள்:

காற்று ஊளையிட்டது. (எல்லா மலைக் கதையிலும் அது ஊளையிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.)

அவர் கண்களில் உறுதி மின்ன... (கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். எனக்கு எப்படித் தெரியும்?)

நடந்ததையே சொல்கிறேன். முதல் அணி உச்சியை எட்டியது. கொடியோடு எடுக்கும் படத்தில் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. கொடி பிடித்தவர் கண்ணாடியைக் கழற்றினார். குளிரில் கேமரா மக்கர் செய்ய, கழற்றியபடியே நின்றார். பனியில் பட்டுத் திரும்பிய வெயில் கண்ணைச் சுட்டுவிட்டது. உச்சிக்குக் கீழே உள்ள கடைசி முகாமுக்கு வந்து சேர்ந்தபின் பார்வை சுத்தமாகப் போனது.

அங்கிருந்து அன்று உச்சிக்குப் புறப்பட வேண்டிய பல் மருத்துவர், அவரைத் தன் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார். கொடிக்காரருக்குச் சில நாளில் பார்வை திரும்பியது. அதற்குள் ஏறும் பருவம் முடிந்துவிட்டது.

3

முதல் வரைவை அவருடைய மருத்துவமனைக்கே கொண்டுபோனேன். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து படித்தார்.

"'உச்சியை விட உயரமான ஒன்றை அவர் அடைந்திருந்தார்.' என்ன சார் இது?"

"கதையோட முடிவு."

"உச்சியை விட உயரமா ஒண்ணும் கிடையாது சார். அதனாலதான் அது உச்சி."

நான் பேனாவை மூடினேன்.

"அடுத்த குழுவுக்கு ஆள் எடுக்குறாங்க. 'உங்களுக்குத்தான் மனநிறைவு கிடைச்சிருச்சே டாக்டர், இந்தத் தடவை அடிவார முகாமைப் பார்த்துக்கங்க'ங்குறார் தலைவர். இந்தக் கதையும் அவர் கையில கிடைச்சா, நான் கீழேயே உட்கார்ந்து எல்லாருக்கும் பல்லு பார்க்க வேண்டியதுதான்."

வரவேற்பு மேசையிலிருந்து டாக்டருடைய அம்மா குரல் கொடுத்தார்: "ஏண்டி, கண்ணு தெரியாம நின்ன அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்ததுக்கு வருத்தப்படுறியா?"

"இல்லம்மா. இன்னொரு தடவை நடந்தாலும் கூட்டிட்டு வருவேன். ஆனா வழி பூரா அவனை வாய் நிறையத் திட்டிக்கிட்டேதான் வந்தேன். சார், அதையும் போடுங்க."

[போட்டுவிட்டேன்.]

4

முடிவு, ஒன்று: அவர் உச்சியில் நிற்கிறார். பொய். அடுத்த ஏற்றத்துக்கு ஆள் எடுக்கும் தேர்வுக் குழு இன்னும் கூடவே இல்லை.

முடிவு, இரண்டு: அடிவார முகாமில், புன்னகையோடு, பிறரை வழியனுப்பி... இதை அச்சில் பார்த்தால் மயக்க ஊசி போடாமலே என் பல்லைப் பிடுங்குவார்.

தியாகம் என்ற சொல்லைத் தலைவர் வாயில் மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அடித்துவிட்டேன். தேர்வுக் குழு கூடுவதற்கு முன் இது அச்சேற வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியரிடம் சண்டை போட்டிருக்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

வாசகரே, நீங்கள் அந்தத் தேர்வுக் குழுவில் ஒருவராகவும் இருக்கலாம். பல் மருத்துவர் பொன்னாடை கேட்கவில்லை. உச்சிக்குப் போகும் கயிற்றில் ஓர் இடம் கேட்கிறார். கீழே உள்ள வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.

தேர்வுக் குழு கூடியது. பல் மருத்துவரைப் பற்றிய பேச்சு வந்ததும், அங்கே இருந்த ஒருவர் எழுந்து,