காயத்துக்கு ஒரு கோட்டு

நான் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. எங்கள் ஊரில் இருக்கிற ஒரே மருந்துக்கடை என்னுடையது. ஒரு பொய் சொன்னால் மறுநாளே நாலு பேர் வந்து வாசலில் நிற்பார்கள். ஆனால் அந்த ஏப்ரல் மாதம், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், வாய் கூசாமல் ஒன்றைச் சொல்லி வைத்தேன்.

விருந்தாளியின் பெயர் ஐசிரேக். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த பெண், இருபத்தெட்டு வயதிருக்கும். அங்கே மொழி ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் தற்காலிக வேலை. அன்றாடச் சாமான்களை எந்தெந்த ஊரில் என்னென்ன பேரில் சொல்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதி, வரைபடத்தில் புள்ளி வைப்பதுதான் அவள் ஆராய்ச்சி. மூன்று வருடமாக எங்கள் பக்கத்துப் பெரிய ஏரியைச் சுற்றி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தாள். ஆய்வேடு தேறினால் வேலை நிரந்தரம், தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதையெல்லாம் இரண்டாவது கிண்ணம் தேநீர் முடிவதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

இறைச்சியும் பொரித்த ரொட்டியும் பாலாடையும் தின்ன வைத்து, இனிமேல் முடியாது என்று அவள் கையெடுத்த பிறகுதான் கேள்வி கேட்கிற பட அட்டைகளை எடுக்க விட்டோம். குதிரைக்கால் தளை, தயிர்ப்பை, கூடாரத்து மேல்வளையம் என்று ஒவ்வொரு படமாகக் காட்டினாள். நானும் என் வீட்டுக்காரர் தோலோனும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னோம். கடைசி அட்டையில் படத்துக்குப் பதிலாக நிஜமான பிளாஸ்திரியே ஒட்டியிருந்தது. தோலோன் "பிளாஸ்திரி" என்றார். அது ரஷ்யர்கள் விட்டுப்போன சொல். போன பத்தொன்பது ஊரிலும் அவளுக்குக் கிடைத்தது அதுதானாம்.

"நம்ம சொல்லுன்னு இதுக்கு ஒண்ணுமே இல்லையாக்கா?" என்று கேட்டாள். முகம் வாடிப்போயிருந்தது.

எங்கள் பக்கத்தில் விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் கிடையாது. இறைச்சித் துண்டோ மிட்டாயோ, பையில் எதையாவது திணித்தால்தான் மனசு ஆறும். அந்தப் பெண்ணுக்கு வேண்டியதோ ஒரு சொல். எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

"ஏன் இல்ல? ஜாராதோன்னு சொல்லுவாங்களே."

ஜாரா என்றால் காயம், தோன் என்றால் ஆட்டுத்தோல் கோட்டு. காயத்துக்குப் போட்ட கோட்டு. எப்படி வந்ததென்று சத்தியமாக எனக்கே தெரியாது. தோலோன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். யார் சொல்வார்கள் என்று அவள் கேட்டாள். என் மாமியார் சொல்வார், மேல்மலை ஆட்டிடையர்கள் சொல்வார்கள் என்றேன். துணிக்கட்டுக்கும் அதே பேரா என்றாள். இல்லை, ஒட்டுகிறதற்கு மட்டும்தான் என்றேன். அவள் இரண்டு தடவை எழுதிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு என்னவோ புண்ணியம் செய்த மாதிரி இருந்தது.

அவளை வண்டியேற்றிவிட்டு வந்த தோலோன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா செத்துப் பதினோரு வருஷமாச்சு. இப்பப் போயி அவ வாயில ஏன்டி சொல்லைத் திணிக்கிற?"

காதில் வாங்காத மாதிரி கிண்ணங்களைக் கழுவப் போனேன். ஆனால் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பிளாஸ்திரி விற்கிறவளே நான்தான். என் கடைக்கு வருகிற ஜனங்கள் அதை உண்மையிலேயே என்ன சொல்லிக் கேட்கிறார்கள்? யோசித்துப் பார்த்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இத்தனை வருடம் காதில் விழுந்தது மனசில் விழவே இல்லை. மறுநாள் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் வந்த பள்ளிக்கூடத்து டீச்சர், "குதிகாலுக்கு ஒண்ணு குடு" என்றாள். ஒரு இடையன் வாயே திறக்காமல் விரலை மட்டும் நீட்டினான். வேன் ஓட்டுகிற தினாலி, "பிச்சா முடியோட வருமே, அது" என்றான். உடற்பயிற்சி வகுப்புக்கு ஓடுகிற பெண்பிள்ளைகள் "தோட்டுக்கு ரெண்டு" என்றார்கள். காதுத் தோட்டின் மேல் ஒட்டாமல் வாத்தியார் மைதானத்தில் விடமாட்டார். கல்யாண வீட்டிலிருந்து ஒருத்தி வந்து, "பொண்ணு செருப்புக்கு நாலு" என்றாள். காயமே இல்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தாய், "அழுகைய நிறுத்தறது ஒண்ணு, பூப்போட்டதா" என்றாள்.

அறுவடை முடிவதற்குள் முப்பத்தோரு விதம் சேர்ந்துவிட்டது. ஒன்றில்கூட சாமானுக்குப் பேர் இல்லை. எங்கே வலிக்கிறது, எதற்கு வேண்டும், அவ்வளவுதான். சோதித்துப் பார்க்கிற ஆசையில் சில பேரிடம், என்ன வேண்டும், சரியாகச் சொல் என்றேன். இவளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் "பிளாஸ்திரி" என்றார்கள். கேட்டால் மட்டும் வெளியே வருகிற சொல் அது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குக் கடையைச் சாத்திவிட்டு யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னால் புரிந்துகொள்ளக்கூடியவள் ஐசிரேக் ஒருத்திதான். அவளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அக்டோபரில் அவளே போன் செய்தாள். வியாழக்கிழமை மதியம் தேர்வுக்குழு முன்னால் ஆய்வேட்டைப் படிக்கப் போகிறாளாம். ஜாராதோனுக்கென்றே தனி அத்தியாயமாம்.

"பதினாலு ஊர்ல இருக்குக்கா அந்தச் சொல்லு. உங்க ஊர்லதான் முதல்ல கிடைச்சுது."

நான் கட்டிவிட்ட சொல் பதினாலு ஊரில் எப்படி இருக்கும்? ஒருவேளை நான் பொய்யே சொல்லவில்லையோ, சின்ன வயதில் எங்கேயோ கேட்டதுதானோ என்று இரண்டு நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அதற்கு மேல் முடியவில்லை. வியாழக்கிழமை விடியற்காலை தினாலியின் வேனில் ஏறி, நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நிறுவனத்தில் அவள் அறைச் சுவர் முழுக்க வரைபடம். ஏரிக்குத் தெற்கே பதினாலு சிவப்புப் புள்ளி. புதுச் சட்டை போட்டுத் தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள். நான் வாழ்த்து சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். உட்காரக்கூடச் செய்யாமல், மற்ற ஊர்களில் எப்படிக் கேட்டாய் என்றேன்.

"அட்டையக் காட்டி, இதை ஜாராதோன்னு சொல்லுவீங்களான்னு கேட்டேன். ஆமா ஆமான்னாங்க."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான். சாப்பிடாம யாருக்கா பேச விடறாங்க?"

"அது நான் கட்டினதும்மா. உன் மூஞ்சி வாடிப்போச்சேன்னு கட்டினேன். அவங்களும் அதுக்குத்தான் தலைய ஆட்டியிருப்பாங்க."

கத்துவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. யாருக்கும் தெரியாது, நான் வாயைத் திறக்க மாட்டேன், நீ போய்ப் படி, வேலையை வாங்கிக்கொள் என்று உளறினேன். நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன், இதெல்லாம் நிஜம் என்றேன். வாங்கி மேசைமேல் வைத்தாள், பிரிக்கவில்லை.

"மிச்சத்துல எத்தனைக்கா?" என்றாள்.

"எதுல?"

"மொத்தம் மூவாயிரம் சொல்லு. எல்லாமே யார் வீட்டுலயாவது சாப்பிட்டுட்டுக் கேட்டது. அதுல எத்தனை என் மூஞ்சிக்காகச் சொன்னது?"

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. ஒரு சொல்லைத்தான் கெடுத்தேன் என்று வந்திருந்தேன். அவளுடைய மூன்று வருடமும் என் வாயால் ஆட்டம் கண்டுவிட்டது. அவமானம் பிடுங்கித் தின்றது.

மணி பன்னிரண்டரை. அவள் போனை எடுத்துப் பேராசிரியரிடம், இன்றைக்குப் படிக்கப் போவதில்லை, எப்போது படிப்பேன் என்றும் தெரியாது என்றாள். அந்தப் பக்கம் கத்துகிற சத்தம் எனக்கே கேட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தாள். பிறகு அலமாரியிலிருந்து சொல் எழுதிய அட்டைகள் அடங்கிய பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். நானும் கை கொடுத்தேன். பதினோரு பெட்டி.

முதல் பெட்டியின் முதல் அட்டை. கன்றுக்குட்டி பால் குடித்துவிடாமல் மூக்கில் மாட்டுகிற முள்பலகை. வாழ்க்கையில் நான் கேட்டேயிராத ஒரு சொல்லை அதற்குப் பேர் என்று படித்தாள். படித்துவிட்டு, ஒன்றாவது நிற்காதா என்கிற ஆசையோடு என் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்ல என் நாக்கு துடித்தது.

"கேள்விப்பட்டதே இல்லம்மா," என்றேன்.

தலையை ஆட்டி, அந்த அட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டாவதைப் படித்தாள்.