ஏழுகொம்பு ராஜாவுக்கு ஓர் ஆமென்

தலையில் ஏழு கொம்பும், பேசினால் புகையும், சிரித்தால் இடியுமாக இருந்த ஒரு பூதராஜா, தென்கொரியாவின் மொக்போ துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சபையின் சமையலறையில், அண்டாவுக்குள் உட்கார்ந்தபடி ஜெபம் செய்தான். அதற்கு மொத்த சபையும் ஆமென் சொன்னது. சொன்ன வேகத்தில் கூரை ஒரு சாண் மேலே போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தது. நம்பாவிட்டால் வந்து பாருங்கள். கிழக்கு மூலையில் இன்னும் சரியாகப் பொருந்தவில்லை, மழைக்கு ஒழுகுகிறது.

என் பெயர் தாக் பொக்சுன். வேலையில் இருந்த காலம் முழுக்க சியோலில் கார்ட்டூன் படங்களுக்குக் குரல் கொடுத்தவள். முயல், முதலை, மூக்கு ஒழுகும் ரயில் வண்டி, காதலில் தோற்ற முள்ளங்கி என்று என் தொண்டைக்குள் ஒரு மிருகக்காட்சிசாலையும் அதை ஒட்டி ஒரு காய்கறிச் சந்தையும் குடியிருந்தன. கடைசியாகக் குடிவந்தவன்தான் ஏழுகொம்பு ராஜா. நான் ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் திரும்பிவிட்டேன். அவன் ஓய்வு பெறவில்லை. ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் கையிலும், அவரவர் அம்மாவின் போனில், இன்னும் கர்ஜித்துக்கொண்டிருந்தான்.

இதைச் சபையில் சொன்னால் யாரும் நம்பவில்லை. நான் அதற்கு முந்தின வாரம், கடற்கரையில் ஒரு திமிங்கலம் என்னைப் பார்த்துத் தலை வணங்கியதைச் சொல்லியிருந்தேன். அது ஒரு காரணமாக இருக்கலாம்.

எல்லோரிலும் அதிகமாக நம்பாதவள் மிரே. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு என்னோடு காய் நறுக்குகிறவள். கணவர் சரக்குக் கப்பலில் இஞ்சின் பார்க்கிறார். வருஷத்தில் பாதி எந்தக் கடலில் இருக்கிறார் என்று கடலுக்கே தெரியாது. வீட்டில் மிரேயும் ஆறு வயது ஹாரிமும் மட்டும். ஹாரிம் நாலு முழம் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் எலிக்குஞ்சு மாதிரி இருப்பாள். ஆனால் கேள்வி கேட்டால் பாஸ்டரே தண்ணீர் குடிப்பார்.

ஒரு சனிக்கிழமை மிரே வெங்காயத்தாளை நறுக்கவில்லை, வெட்டிச் சாய்த்தாள்.

"என்ன மிரே, வெங்காயத்தாள் உனக்கு என்ன பண்ணுச்சு?"

"அந்தக் கொம்பன்தான்க்கா பண்ணிட்டான். என் பொண்ணை எடுத்துக்கிட்டான்."

எனக்குக் கத்தி நழுவியது. "எந்தக் கொம்பன்?"

"அதான், ஏழுகொம்பு ராஜா. ஒரு பொய் சொன்னா ஒரு கொம்பு முளைக்குமாம். கொம்பு முளைச்சா பலம் கூடுமாம். இதையா பிள்ளைங்களுக்குக் காட்டுவாங்க? போன மாசம் இவ முள்ளங்கி கிம்ச்சியை அவங்கப்பா ஷூவுக்குள்ள போட்டுட்டு, சாப்ட்டேம்மான்னு சொல்றா. ஏண்டின்னா, தலையைத் தடவிப் பாத்துட்டு, கெக்கெக்கெக்குன்னு சிரிக்கிறா!"

அந்தச் சிரிப்பு என்னுடையது. அதற்காக நான் மூன்று கிண்ணம் இஞ்சிச் சாறு குடித்துப் பழகியிருந்தேன். ஆனாலும் மிரே சொன்னதில் தப்பு எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கிறவள் அவள். நான் மைக் முன்னால் நின்று பொய்க்குப் பொய் கொம்பு வாங்கியபோது, அதைக் கேட்கும் பிள்ளைகளின் வீட்டில் ஷூவைக் கழுவப்போவது யார் என்று யோசித்ததில்லை.

"நீ அதைப் பாத்தியா?"

"எல்லாத்தையும் உக்காந்து பாத்தேன்க்கா. பாக்காம வேணாம்னு சொன்னா நியாயமில்லையே. ஆனா சத்தத்தை அணைச்சுட்டுத்தான் பாத்தேன். குரல்லதான் அவன் உள்ள வருவான்னு ஒரு பயம்." கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்தாள் அவ்வளவு எரியாது. "போனைப் பிடுங்கிட்டேன். அன்னிலேருந்து இவ என்கூட ஜெபம் பண்றதில்ல. படுக்கப் போறப்ப கையைப் பிடிச்சா, வாயை இறுக்கி மூடிக்கிட்டு சுவரைப் பாத்துத் திரும்பிக்கிறா. அவ அப்பா கடல்ல இருக்கிற நாள்ல எங்க ரெண்டு பேருக்கும் அது ஒண்ணுதான்க்கா இருந்துச்சு. அவ திரும்ப என்கூட ஜெபம் பண்ணணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "மிரே, ஒண்ணு சொல்றேன், அடிக்கக் கூடாது. அந்த ராஜா நான்தான்."

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பூப்போட்ட ஏப்ரன், ரப்பர் செருப்பு, முடியில் சிக்கிய ஒரு முளைகட்டின பயறு.

"திமிங்கலம் நல்லா இருக்காக்கா?" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. மேலே ஆராதனை நடந்துகொண்டிருந்தது. அதற்கும் மேல் மாடியில் பிள்ளைகளுக்கு வேதாகம வகுப்பு. கீழே சமையலறையில் நான் மட்டும், நெத்திலி போட்டு சூப் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நூடுல்ஸ் வேகவைக்கும் பெரிய அண்டா இன்னும் அடுப்பேறாமல், காலியாக, கவிழ்த்த வீடு மாதிரி மூடியோடு நின்றது. சாப்பாடு தயார் என்று எல்லா மாடிக்கும் அறிவிப்பதற்கு எங்கள் சமையலறையில் ஒரு மைக் உண்டு. அதன் சுவிட்சுக்கு வயசாகிவிட்டது. தானாக விழித்துக்கொள்ளும், தானாகத் தூங்கும். அன்று அதில் சிவப்பு விளக்கு எரிந்ததை நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசியிருப்பேன்.

வகுப்பிலிருந்து நழுவி ஹாரிம் உள்ளே வந்தாள். வந்தவள் நேராக அண்டாவிடம் போய் அதன் மூடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பெரியம்மா, கிணத்து மேல வைக்கிற கல்லு இதைவிடப் பெருசா இருக்குமா?"

அவளைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லிப் பழக்கியது நான்தான். பாட்டி என்கிற பிள்ளைகளுக்கு என்னிடம் மிட்டாய் கிடையாது.

"எந்தக் கிணறு?"

"ராஜாவை உள்ள போட்டு மூடினாங்கல்ல, அந்தக் கிணறு. மூடுறப்பதான் அம்மா போனை வாங்கிட்டாங்க. வெளிய வந்தாரா?"

"அதனாலயா அம்மாகூட ஜெபம் பண்ண மாட்டேங்கிற?"

அவள் அண்டாவின் கைப்பிடியைத் திருகினாள். "நான் ராஜாவுக்காக ஜெபம் பண்ணினேன். உள்ள குளிருமேன்னு. அம்மா, அவனுக்காகல்லாம் பண்ணக் கூடாது, அவன் பிசாசுன்னாங்க. அப்ப அவருக்காக யாரு பண்ணுவா? யாருமே இல்ல. அதான் நானும் பண்ணல."

நெத்திலி ஆவி கண்ணில் பட்டிருக்க வேண்டும். எனக்குப் பார்வை மங்கியது. மிரே தன் பெண்ணைப் பிசாசு எடுத்துக்கொண்டுவிட்டதாக அழுகிறாள். இந்தப் பொண்ணோ அந்தப் பிசாசைக் கரையேற்ற ஆள் இல்லையே என்று வாய் பூட்டிக்கொண்டு கிடக்கிறாள். இரண்டு பேரும் ஒரே படுக்கையில், ஒருத்திக்கு ஒருத்தி முதுகு காட்டிக்கொண்டு.

அண்டாவின் பின்னால் போய்க் குனிந்து, மூடியைக் கொஞ்சம் விலக்கி, உள்ளே வாயை வைத்தேன். தொண்டையைச் செருமினேன். பழைய குடித்தனக்காரன் எழுந்து வந்தான்.

"யாரது... என் கிணற்றின் மேலே நிற்பது?"

அலமாரியில் கிண்ணங்கள் நடுங்கின. ஜன்னலுக்கு வெளியே ஒரு கடற்காக்கை மயங்கி விழுந்தது. ஹாரிம் மட்டும் நகரவில்லை. சுற்றி வந்து என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, உங்க வாய் அசையுது."

"ஆமா. ஆனா பேசுறது அவன்தான்."

அவள் யோசித்தாள். அந்த விளக்கம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மூடிக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "ராஜா, நீங்களே ஜெபம் பண்ணிடுங்க. அம்மா என்னைத்தான் வேணாம்னாங்க, உங்களை ஒண்ணும் சொல்லல."

"எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாதே."

"கண்ணை மூடுங்க. கொம்பைக் கீழ குனிங்க. பொய் சொல்லாம பேசுங்க. அவ்ளோதான்."

இப்போது மேலே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் ஆராதனையின் முடிவில் எல்லோரும் எழுந்து, கண்ணை இறுக்க மூடி, 'கர்த்தாவே' என்று மூன்று தரம் கூவிவிட்டு, அவரவர் பாரத்தை அவரவர் உரக்கச் சொல்லி ஒரே நேரத்தில் ஜெபிப்போம். துறைமுகத்தில் கப்பல்கள் அதைக் கேட்டுத்தான் திசை கண்டுபிடிக்கின்றன. பிறகு ஒருவர் மைக்கில் முடிவு ஜெபம் சொல்வார். அந்தக் குரல் கேட்டதும் மற்றவர்கள் அடங்கி, கண் திறக்காமலே, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆமென் போடுவார்கள். அன்று முடிவு ஜெபம் வாண்டோ தீவிலிருந்து வந்திருந்த ஒரு சபை மூப்பருக்கு ஒதுக்கியிருந்தது. கடற்பாசி ஏலத்தில் கத்திக் கத்திக் குரல் கட்டைபோன மனிதர் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள்.

அந்த இரைச்சலில் சமையலறைப் பேச்சு பெரும்பாலோர் காதில் விழவில்லை. ஆகவே ஒலிபெருக்கியில் ஒரு கரடுமுரடான குரல் எழுந்தபோது யாரும் கண் திறக்கவில்லை.

"ஆண்டவரே," என்றான் ராஜா, "நான் ரொம்பக் கெட்டவன். பொய்க்கு ஒரு கொம்பாக வாங்கிச் சேர்த்தேன். பலம் என்று நினைத்தேன். இப்போது தலை வைத்துப் படுக்க முடியவில்லை. எந்தத் தலையணையும் கிழிந்துபோகிறது."

சூதாட்டத்தை விட்டுத் திருந்திய மீன் வியாபாரி ஒருவர் அங்கேயே தேம்பித் தேம்பி அழுதாராம். 'ஆமென்' என்று முனகல் பரவியதாம். தலைக்கு மேலே ஏதோ முழங்குவது எனக்குக் கேட்டது. பாட்டுக்குழு ஒத்திகை என்று நினைத்தேன்.

ஹாரிம் என் ஏப்ரனை இழுத்துக் காதில் கிசுகிசுத்தாள். "அம்மாவுக்கும் சேத்துப் பண்ணச் சொல்லுங்க. அம்மா அழுறாங்க. நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு அழுறாங்க."

ராஜா கொம்பை இன்னும் கீழே தாழ்த்தினான்.

"ஆண்டவரே, ஒரு சின்னப் பெண் எனக்காகக் கவலைப்படுகிறாள். அவளுக்கு ஒரு அம்மா இருக்கிறாள். அவள் என்னை வெறுப்பவள் அல்ல. பயந்தவள். பிள்ளை கைநழுவிவிடுமோ என்று பயந்தவள். வீட்டுக்காரர் தூரக்கடலில். பயத்தைப் பாதி வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஆளில்லை. என் கிணற்றுக் கல்லை நீர் தூக்காவிட்டாலும் பரவாயில்லை. அவள் நெஞ்சின்மேல் இருக்கும் கல்லைத் தூக்கிவிடும்."

அப்போதுதான் கூரை எழும்பியது. அத்தனை பேரின் ஆமெனுக்கும் மேலே ஒரு பெண்ணின் ஆமென், குரல் உடைந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்கே வந்து சேர்ந்தது. எனக்கு அந்தக் குரல் தெரியும். சனிக்கிழமைதோறும் என் பக்கத்தில் காய் நறுக்குகிற குரல்.

ஹாரிம் கைதட்டினாள். "ஆமென் வந்துடுச்சு! கல்லு போயிடுச்சு! இப்ப சிரிங்க ராஜா!"

நான் மூடியைத் தள்ளிவிட்டுச் சிரித்தேன். கெக்கெக்கெக்கே! வேறென்ன செய்வது?

அந்தச் சிரிப்பு எல்லா மாடியிலும் போய் இறங்கியது. மாடி வகுப்பிலிருந்த பிள்ளைகள் "ராஜா! ராஜா வந்துட்டார்!" என்று படிக்கட்டில் காட்டாறாக ஓடிவந்தார்கள். மேலே மொத்த சபையும் கண் திறந்து பார்த்தால், வாண்டோ மூப்பர் மேடையோரம் இன்னும் மைக்கையே தொடாமல், வாயைத் திறந்தபடி நின்றிருந்தார்.

நூடுல்ஸ் பரிமாறும்போது ஆளுக்கொன்று சொன்னார்கள். பாஸ்டர் மட்டும் கிண்ணத்தை நீட்டி, "தாக் அக்கா, அடுத்த மாசம் முடிவு ஜெபத்துக்கு அவரை முன்கூட்டியே சொல்லி வெச்சிருங்க," என்றார். அதுவரை என்னை நம்பாதவர்கள் எல்லோரும் அன்றைக்கே நம்பிவிட்டார்கள். திமிங்கலத்தையும் சேர்த்து.

மிரே மட்டும் சாப்பிட வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, ஹாரிமின் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆண்டவர் சந்நிதில இப்படிப் பண்ணிட்டீங்களேக்கா."

"மைக் எரிஞ்சது தெரியாது மிரே. சத்தியமா." அதுவரை நான் வாழ்நாளில் சொன்னவற்றில், அலங்காரம் இல்லாத வாக்கியம் அது ஒன்றுதான். "ஆனா அவ எதுக்கு வாயை மூடிக்கிட்டான்னு கேட்டியா?"

"கேட்டேன். ஒலிபெருக்கிக்குக் கீழதான் நின்னேன், எல்லாந்தான் கேட்டுச்சே." குனிந்து உட்கார்ந்து மகளுக்குக் கோட்டை மாட்டினாள். பொத்தானைத் தப்பான துளையில் நுழைத்தாள்.

"அம்மா," என்றாள் ஹாரிம், "ராஜாவுக்கு நீங்க ஆமென் சொன்னீங்கல்ல?"

"இல்ல."

"சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு."

"அது பாஸ்டருக்குச் சொன்னது. அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல. வா, போகலாம்."

ஹாரிம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கோபப்படவில்லை. இரண்டு கையையும் நீட்டி, அம்மாவின் தலைமுடியை மெதுவாக வகிடு வகிடாக விலக்கி, உச்சியெல்லாம் விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"இங்க லேசா முளைச்சிருக்கு. வலிக்குதாம்மா?"

மிரே தலையை விலக்கிக்கொள்ளவில்லை.

"நீங்க தலையணைல படுக்க முடியாதே. இருங்க." ஹாரிம் அந்த இடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "ஆண்டவரே, எங்கம்மாவுக்குக் கொம்பு வேணாம். எடுத்துடுங்க. அவங்க நல்லவங்க. சும்மா பயந்து சொல்லிட்டாங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள், ஆமெனுக்காக. நானும் சூப் கரண்டியைப் பிடித்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

மிரே அந்தச் சின்னக் கையைத் தலையிலிருந்து எடுக்கவிடாமல் தன் கையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"ஆமென்," என்றாள். "அப்பவும் சொன்னேன்டி. அந்தக் கொம்பனுக்குத்தான் சொன்னேன். எல்லாரையும்விட சத்தமா நான்தான் சொன்னேன்."