காயாத பாத்தி

பெருநகர் கிராமத்தில் தமிழ்வாணனின் வயலுக்குத் தண்ணீர் கட்டி வந்த இருசப்பன், மோட்டார் கொட்டகையில் ஷாக் அடித்துச் செத்துப்போனான். அந்த வேலை சுகிர்தாவுக்கு வந்தது. அந்தப் பருவத்தில் ஒரு விதை கம்பெனி அங்கே சோதனை வைத்திருந்தது. பொன்னியில் இரண்டு பாத்தி, குண்டு நெல்லில் இரண்டு பாத்தி. கதிர் இன்னும் தண்டுக்குள்ளேயே இருக்கும் பொதிப் பருவத்தில், ரகத்துக்கு ஒரு பாத்தியில் பன்னிரண்டு நாள் தண்ணீரை நிறுத்த வேண்டும். எந்த ரகம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள்.

பொன்னி சொன்னபடி காய்ந்தது. தண்ணீர் நிறுத்திய குண்டுப் பாத்தி ஐந்தாம் நாளும் ஈரமாகவே கிடந்தது.

"மடைய தொறந்து வுட்டியா?" என்று தமிழ்வாணன் கத்தினார்.

"இல்ல ஐயா. காலைல நானே மண்ணு போட்டு மெதிச்சிட்டுப் போனேன்."

மறுநாள் உச்சிவெயிலில் சுகிர்தா வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டாள். கரண்ட் இல்லை; மோட்டார் ஓடவில்லை. வாய்க்காலில் முந்தின நாள் தண்ணீர் அசையாமல் நின்றது. கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து போயின. அடைத்திருந்த மடையில் ஒரு கையளவு மண் விலகியது. பிறகு இன்னொரு கையளவு. யாரோ நிதானமாக வழித்தெடுப்பது போல. தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்தது.

அவள் பாய்ந்துபோய் இரு கையாலும் மண்ணை அள்ளி அடைத்தாள். சேற்றுக்குள்ளிருந்து விரல்கள் வந்து அவள் விரல்களை மெதுவாகத் தள்ளின. அதில் கோபமில்லை, ஆனால் அவ்வளவு சில்லென்றிருந்தது. கையை உருவிக்கொண்டவள் பிறகு அந்த மடைப் பக்கமே போகவில்லை; தமிழ்வாணன் கேட்டபோதெல்லாம் பாத்தி காய்ந்துவிட்டது என்று சொல்லிவைத்தாள்.

அறுவடையில் காயவிட்ட பொன்னி பாதி பதராகப் போனது. குண்டில் ஒரு மணி குறையவில்லை. தமிழ்வாணனுக்குத் தலைகால் புரியவில்லை.

"குண்டுக்கு பொதில தண்ணியே வாணாம்னு ஊருக்கே சொல்லிடலாம். ஏரித்தண்ணி மிச்சம்!"

சுகிர்தா அவர் எதிரில் வந்து நின்றாள். அதை நம்பி ஊரே மடையை அடைத்தால் என்னாவது?

"சொல்லாதீங்க ஐயா. அது தண்ணி குடிச்ச பயிரு. இருசப்பன் அண்ணந்தான் வந்து கட்டிக்கினு இருந்தாரு. பொதில கீற பயிர காயப்போட அவருக்கு மனசு வரல."

"வெயில்ல ஒனக்கு இன்னா ஆச்சு?" என்று சிரித்தபடி அவர் பாத்திக்குள் இறங்கினார். அறுத்துப் பதினைந்து நாளாகியிருந்தது. மற்ற மூன்று பாத்திகளும் வெடித்துக் கிடந்தன. இதில் கணுக்கால்வரை சேறு வாங்கியது. காலை இழுத்தார், வரவில்லை. சேற்றுக்குள் சில்லென்ற விரல்கள் கணுக்காலைப் பிடித்திருந்தன.

"சுகிர்தா... கைய குடு."

வரப்பேறியதும் கம்பெனிக்காரருக்கு போன் போட்டார். "அந்தக் குண்டுப் பாத்திய எழுதாதீங்க சார். அதுல தண்ணி பாஞ்சிட்டுது."

"யார் பாய்ச்சினது?"

தமிழ்வாணன் பாத்தியைத் திரும்பிப் பார்த்தார். அவர் கால் பதிந்த குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.