எதிர்ப்பக்க அளவு

ராஜவேலின் மரம் அறுக்கும் மெஷினுக்கு அந்தமானின் திக்லிபூரில் இருந்தது இந்த ஒரே சிலிண்டர். உடைந்தால் மெயின்லேண்ட் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். மேலே வரும் பிஸ்டன் இடிக்காதபடி சிலிண்டரின் உள்விளிம்பைக் கடைசல் லேத்தில் சீவியிருந்தாள் மெக்கானிக் சுகிர்தா. எஞ்சினைப் பூட்டி, பிளக் துளை வழியே ஒரு பக்கமாக ஈயக்கம்பியை விட்டு, எஞ்சினைக் கையால் சுழற்றி, பிஸ்டன் நசுக்கிய நுனியை அளந்தாள். இடைவெளி சரியாக இருந்தது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

“ஹோ கயா, முடிஞ்சுது தானே அக்கா? கயித்த இழுத்து ஸ்டார்ட் பண்ணவா?” என்றான் ராஜவேல்.

“இருடா, எதிர்ப்பக்கமும் பாத்துடறேன்.”

“உப்பு போட்டோமான்னு நாலு தடவை நக்கிப் பாக்குற ஆளாச்சே நீங்க!”

எதிர்ப்பக்கக் கம்பி காகிதமாய் நசுங்கி வந்தது. இழுத்திருந்தால் அந்தப் பக்கம் பிஸ்டன் இடித்து சிலிண்டர் போயிருக்கும்.

லேத்தில் சிலிண்டரை உட்காரவைத்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு அலுமினியச் சீவல் விரலில் குத்தியது. அவள் துடைக்காமல் மாட்டியதால்தான் வெட்டு சாய்ந்திருக்கிறது. துடைத்துவிட்டு, எஞ்சினிலிருந்து சிலிண்டரைக் கழற்றி மறுபடி லேத்தில் மாட்டினாள். கத்தி அந்த ஒரு பக்கத்தை மட்டும் தொட்டுச் சீவியது. ராஜவேல் ஈயக்கம்பியில் இரண்டு பக்கத்துக்குமாக இரண்டு துண்டு வெட்டி வைத்தான்.