பனிக்கடலுக்காக ஒரு வாக்கியம்

மெர்சி செய்யும் வேலை என்னவென்று சூலூரில் யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. கனடாவில் இருக்கிறாள் என்பது தெரியும். வட துருவத்தை ஒட்டிய பனிக்கடல் கரையில் வாழும் இனுயிட் மக்களின் சங்கம் ஒன்றுக்குப் பருவநிலைக் கொள்கை ஆலோசகராக இருக்கிறாள் என்று சொன்னால், "பனிக்கட்டிக்கு எதுக்குங்க ஆலோசனை?" என்று சிரிப்பார்கள். அவள் அம்மா பாவாத்தாள் மட்டும், சர்ச்சில் கேட்கிறவர்களிடம், "எம்பட மக அந்த சனங்களுக்காவ கெவுருமெண்டுகிட்டப் பேசறவ" என்று முடித்துவிடுவாள். மெர்சியே அதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

1997 செப்டம்பரில் அவள் ஊருக்கு வந்தது விடுமுறைக்கு அல்ல. கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் ஏழை நாடுகளின் அறிஞர்கள் இரண்டு நாள் கூடி, டிசம்பரில் கியோட்டோவில் நடக்கவிருந்த உலகப் பருவநிலை மாநாட்டுக்குக் கொடுத்தனுப்ப ஓர் அறிக்கை எழுதினார்கள். அதில் இனுயிட் மக்களைப் பற்றி ஒரு வாக்கியமாவது இடம்பெற வேண்டும் என்று சங்கம் அவளை அனுப்பியிருந்தது. கூடவே சங்கத்தின் துணைத் தலைவி எலிசாப்பியும் வந்திருந்தார். ஹோட்டல் வேண்டாம் என்று சொல்லி மெர்சியின் வீட்டிலேயே தங்கிக்கொண்டார். பைபிளில் வரும் எலிசபெத்தைத்தான் அவர்கள் ஊரில் எலிசாப்பி என்கிறார்கள் என்று தெரிந்ததும், பாவாத்தாள் அவரை "எலிசபெத்தம்மா" என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டாள்.

எலிசாப்பியின் தம்பி அந்த வருஷ வசந்தத்தில் வேட்டைக்குப் போயிருந்தான். காலங்காலமாக உறைந்து கிடக்கும் வளைகுடாவில் பனி உடைந்து பனிவண்டியோடு உள்ளே போய்விட்டான். அவனை இழுத்துப் போட்டார்கள். கூடப் போனவனை இழுக்க முடியவில்லை. எலிசாப்பி இதை மேடையில் சொன்னபோது அவர் குரல் உயரவே இல்லை.

அறிக்கையை எழுதும் குழுவுக்குத் தலைவர் திருமூர்த்தி. டெல்லியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பொருளாதார நிபுணர். அந்தப் பெயரை நிகழ்ச்சி நிரலில் பார்த்ததிலிருந்தே மெர்சிக்குச் சோறு இறங்கவில்லை. சூலூருக்கு வெளியே இருந்த அவருடைய குடும்பத் தோட்டத்தில்தான் அவள் அப்பா அப்புசாமி சாகும்வரை பண்ணையாளாக இருந்தார். பாவாத்தாள் களை வெட்டினாள், மாட்டுக்கொட்டாய் கூட்டினாள், பின்வாசலில் நின்று சோறு வாங்கினாள். மெர்சி மிஷன் ஹாஸ்டலில் சேர்ந்து படித்ததனால் அந்தப் பின்வாசலில் நிற்க நேரவில்லை.

"நீ யாரு மகன்னு அவருகிட்டச் சொல்லீராத கண்ணு. சொன்னீன்னா காரியம் கெட்டுப்போயிரும்" என்றாள் பாவாத்தாள், முதல் நாள் காலையில்.

சொல்லாமலே காரியம் கெட்டது. மத்தியானக் கூட்டத்தில் திருமூர்த்தி இனுயிட் வாக்கியத்தை அடித்துவிட்டார். "கனடா பணக்கார நாடு. அவர்களுடைய குடிமக்களை நம் அறிக்கையில் சேர்த்தால், நாளைக்கு அந்த நாடே 'நாங்களும் பாதிக்கப்பட்டவர்கள்' என்று நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்" என்றார் ஆங்கிலத்தில். பலர் தலையாட்டினார்கள். மெர்சி எழுந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் மந்திரிகளையே மடக்கியவள், அன்றைக்கு மைக்கை எடுக்கவில்லை.

சாயங்காலம் சூலூருக்குத் திரும்பும்போது டாக்ஸியில் எலிசாப்பி கேட்டார்: "உனக்குப் பயம் அவருடைய வாதத்தின் மேலா, அவர் மேலா?"

மெர்சி அப்பாவையும் தோட்டத்தையும் பற்றிச் சொன்னாள். "எங்கள் ஊரில் நரித்தோல் வாங்கும் கடைக்காரர் ஒருவர் இருந்தார். என் அப்பா அவர் வீட்டுக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை" என்று மட்டும் எலிசாப்பி சொன்னார். அதற்குமேல் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. மெர்சிக்கு அதுவே ஆறுதலாக இருந்தது.

மறுநாள் தேநீர் இடைவேளையில் திருமூர்த்தி குழு அறையில் தனியாக இருந்தார். மெர்சி கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

"வாங்கம்மணி. உங்களுக்கு வருத்தம்தான், தெரியுது. ஆனா பல்லடத்துல தறி ஓட்டறவனைப் பாருங்க. பாதி நேரம் அவனுக்குக் கரண்டே இல்லீங்க. அவனைப் போயி புகையைக் கொறைச்சுக்கோன்னு சொல்றவங்க, ஊட்டுக்கு ரெண்டு காரு வெச்சிருக்கறாங்க. அவங்களுக்கு நானே கதவைத் தொறந்து உடறதுங்களா?"

"வேண்டாமுங்க" என்றாள் மெர்சி. "நீங்க சொல்ற பயம் நாயமானதுதானுங்க. ஆனா நாங்க கனடாவுக்காவ பேச வரலீங்க. அந்த சனங்க பேருல அரசாங்கம் பேசுது, அவங்களைக் கேக்காமயே பேசுது. கியோட்டோவுல அவங்களுக்கு நாற்காலியே கிடையாது. தறிக்காரருக்கும் கிடையாது. வேற யாரோ எரிச்ச எண்ணெய்க்கும் கரிக்கும் ரெண்டு பேரும் அனுபவிக்கறாங்க. நாட்டுப் பேரே வேண்டாமுங்க. வேற மாதிரி எழுதிக்கலாம்."

சொல்லச் சொல்லக் குரல் நிலைக்கு வந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "நீங்க பேசறது நம்ம பக்கத்துப் பேச்சா இருக்குதே. எந்த ஊருங்க?" என்றார்.

அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. நழுவவும் ஒரு வழி இருந்தது. கோயமுத்தூர் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம்.

"சூலூருங்க. உங்க தோட்டத்துல பண்ணையத்துல இருந்த அப்புசாமி மகளுங்க. பாவாத்தா எங்கம்மா."

திருமூர்த்தி அவளையே பார்த்தார். அவர் முகத்தில் ஓடியது கோபமா, வெட்கமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

"பாவா இருக்கறாளா?" என்றார். உடனே நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்கம்மா நல்லா இருக்கறாங்களா?" என்று திருத்திக் கேட்டார்.

"நல்லா இருக்கறாங்க."

"உக்காருங்க. எப்படி எழுதலாம்னு சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க."

மெர்சி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மனப்பாடமாக இருந்ததைச் சொன்னாள்: "தாங்கள் எரிக்காத எரிபொருளுக்காகத் தங்கள் நிலத்தையும் நீரையும் பனியையும் இழக்கும் மக்களை, அவர்கள் எந்த நாட்டின் எல்லைக்குள் வாழ்ந்தாலும், இந்த உடன்பாடு காக்க வேண்டும்."

அவர் அதை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தார். ஒரு சொல்லை மாற்றினார். "இதுக்குக் கீழ ஒண்ணு சேர்க்கோணும். இதைக் காட்டி எந்தப் பணக்கார நாடும் தன் பொறுப்புல இருந்து நழுவக் கூடாதுன்னு."

"அதை நானே கேக்கலாம்னு இருந்தேனுங்க" என்றாள் மெர்சி. அது நிஜம். அந்த ஒரு வரி கனடாவின் பிரதிநிதிகளை எவ்வளவு எரிச்சல்படுத்தும் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அவரோடு அவள் வாதாடியிருந்தாள். அவரும் அவளோடு வாதாடியிருந்தார். அதற்குமேல் அந்த அறையில் எதுவும் நடக்கவில்லை.

கடைசி அமர்வில் அறிக்கையைப் படித்தார்கள். ஒரு மூத்த பேராசிரியர் அந்த வாக்கியம் எதற்கு என்று ஆட்சேபித்தார். "அது இருக்கட்டும்" என்று திருமூர்த்தியே பதில் சொன்னார். கைகள் உயர்ந்தன. எலிசாப்பி மெர்சியின் கையைப் பிடித்து, நோகும்படி அழுத்தினார்.

சூலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து எஸ்டிடி பூத்திலிருந்து ஒட்டாவாவுக்கு ஃபோன் போட்டாள். அங்கே அப்போதுதான் சங்கத்தின் அலுவலகம் திறந்திருந்தது. "சேர்ந்துவிட்டது" என்றாள். மறுமுனையில் யாரோ கூவுவது கேட்டது. பூத்துக்காரர் யூனுஸ், "நல்ல சேதியாட்டம் இருக்குதுங்க" என்றார். "ரொம்ப நல்ல சேதிங்க" என்றாள்.

வீட்டில் பாவாத்தாள் வாசலுக்கே வந்துவிட்டாள். "என்ன கண்ணு ஆச்சு? சொல்லலையே?"

"சொல்லிப்போட்டேம்மா."

பாவாத்தாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் கெட்டுப்போகலை. உங்கம்மா நல்லா இருக்கறாங்களான்னு கேட்டாரு."

"இருக்கறாங்களான்னா கேட்டாரு?" பாவாத்தாள் தலையிலிருந்து கையை எடுத்தாள். "முப்பது வருசம் களை வெட்டினேன். இப்பத்தான் கேக்கத் தோணுச்சாமா?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கிருந்து, "இனி அந்தப் பனி உருகாதா?" என்ற குரல் வந்தது.

"உருகத்தாம்மா செய்யும். ஆனா அதைப் பத்திப் பேசறப்ப அந்த சனங்களை உட்டுப்போட்டுப் பேச முடியாது."

"அது போதுமா?"

"இன்னைக்குப் போதும்."

குளித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னவள், பாயைப் பார்த்ததும் அப்படியே சாய்ந்தாள். பக்கத்துச் சந்தில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கோழிக்குழம்பின் வாசனை வந்தது. "எலிசபெத்தம்மா, நீங்க சாப்புடுங்க. அவ தூங்கட்டும்" என்று அம்மா தமிழில் சொல்வதும், எலிசாப்பி தன் மொழியில் ஏதோ பதில் சொல்வதும், இருவரும் சிரிப்பதும் காதில் விழுந்தது. எழுந்து மொழிபெயர்க்க வேண்டுமோ என்று ஒரு நொடி நினைத்தாள். வேண்டியதில்லை என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.