நாலு வருடத்து ரிமோட் உறை

என் தம்பி மெதெர்பெக் பனியில் வழுக்கி விழுந்தான். கால் முறிந்து மாவுக்கட்டு. கைப்பேசித் திரையும் கருத்துவிட்டது, குரல் மட்டும்தான் வரும். விழுவதற்கு நல்ல நாள் பார்த்தான். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நாரின் ஊரில், அவன் மாமியார் வீட்டில், அவன் மகனுக்குக் கால்நூல் அறுக்கும் சடங்கு. நடக்கத் தொடங்கும் பிள்ளையின் கால்களைக் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலால் கட்டுவோம். அங்கேயே சிறுவர்களுக்கு வைக்கும் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த பிள்ளை வந்து அறுப்பான். ஆயுளில் ஒரே தடவை.

"அக்கா, வீடியோ கால டிவில போட்டுப் பாத்துரலாம். ஒரு வயர் போதும்" என்றான். என்னுடையது பட்டன் போன், அதில் குரலைத் தவிர ஒன்றும் வராது. கிளம்பினேன்.

எங்கள் ஊர் ஓஷ் பஜாரில் கடைக்காரன் கேட்டான்: "எதுலேருந்து எதுக்கு?"

"போன்லேருந்து டிவிக்கு."

"டிவில எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருக்கா?"

"பின்னாடி ஏகப்பட்ட ஓட்டை. எண்ணியா வெச்சிருக்கேன்?"

அவன் கொடுத்த வயருக்கு இரண்டு பக்கமும் ஒரே தடித்த தலை. போனின் ஓட்டையோ பருப்பளவு. சின்னதா வாங்கிட்டு வா என்றான் தம்பி. திரும்பப் போய்ச் சின்னத் தலையாகக் கேட்டேன். கிடைத்த வயரின் மறுபக்கம் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வால். எங்கள் டிவியில் வட்ட ஓட்டையே இல்லை.

"யாரு அக்கா இதக் குடுத்தா?" என்றான் மெதெர்பெக்.

"நீதானேடா சின்னதுன்னு சொன்ன."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாம் தடவை அவன் போனையே எடுத்துப் போனேன். கடைக்காரன் ஒரு குட்டி அடாப்டரைப் போனில் மாட்டி, முதலில் வாங்கிய வயரை அதில் சொருகிக் கடை டிவியில் காட்டினான். படம் பளிச்சென்று வந்தது.

வீட்டில் அதையே அப்படியே மாட்டினேன். எங்கள் டிவியில் ஒருவன் நூடுல்ஸ் இழுத்துக்கொண்டிருந்தான். கழற்றி மாட்டினேன், திருப்பி மாட்டினேன். அவன் இழுத்துக்கொண்டே இருந்தான். கடையில் வந்த படம் வழியில் எங்கே விழுந்தது என்று எனக்குப் புரியவில்லை.

போன் அடித்தது. மெதெர்பெக் கருத்த திரையைத் தடவி எடுத்தான். அவன் மனைவி ஜிபாரின் குரல்: "தெரியுதா? எல்லாரும் நிக்கிறாங்க. பையன் அழறான். அறுத்துரட்டுமா?"

"ரெண்டு நிமிஷம், ஜிபார். அக்கா, டிவிய இந்த வயர் வழிக்கு மாத்தணும். ரிமோட்ல கீழ ஒரு பட்டன் இருக்கும், அழுத்து."

கீழே ஏது பட்டன்? டிவி வாங்கிய நாலு வருடமாக ரிமோட் செலோபேன் உறையில்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். இவன் டீயைக் கொட்டுவான் என்று நான் கீழ்ப் பாதிக்கு இரண்டு சுற்று பிளாஸ்டிக் டேப்பும் போட்டிருந்தேன். அழுத்தினேன், அசையவில்லை.

"பிரிச்சுரு அக்கா."

"புது ரிமோட்டுடா."

"அண்ணி," என்றாள் ஜிபார் போனில், "பந்தயத்துல ஜெயிச்ச பையன் கத்தியோட நிக்கிறான். இதுக்கு மேல பிடிச்சு வைக்க முடியாது."

மெதெர்பெக் நூடுல்ஸ்காரனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாகப் போயிற்று. கத்தரிக்கோலை எடுத்து உறையை நீளவாக்கில் வெட்டினேன். அடியில் பட்டன் புத்தம் புதிதாக இருந்தது. அழுத்தினேன்.

படம் வந்தது. எங்கள் பிள்ளை, காலில் நூலோடு, மூக்கு ஒழுக நின்றான்.

"அறுங்க" என்றான் மெதெர்பெக்.

நூல் விழுந்தது. பிள்ளை தள்ளாடி, தாயின் போனைப் பார்த்து, நேரே எங்களை நோக்கி நடந்து வந்தான். மெதெர்பெக் மாவுக்கட்டை மறந்து எழுந்து இரண்டு எட்டு வைத்துவிட்டான். நான் ரிமோட்டைக் கீழே போட்டு அவனைப் பிடித்தேன்.